இருபதாம் தேதிக்கு முன்னால்: ஆடிட்டர் அலுவலகத்தில் பணிச்சுமையைச் சீராக்கும் முறை

வரியும் கணக்கும் பார்க்கும் அலுவலகங்களில் மாதம் ஒரே சீராக நகர்வதில்லை. 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்த வருமான வரியைக் கட்ட வேண்டும். 11-ஆம் தேதி, விற்பனை விவரங்களைத் தரும் ஜிஎஸ்டிஆர் 1. 15-ஆம் தேதி ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதியும் (பிஎஃப்) காப்பீடும் (ஈஎஸ்ஐ). 20-ஆம் தேதி, மாத வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டிஆர் 3பி. இவற்றின் மேல் வருமான வரி ரிட்டனுக்கும் தணிக்கைக்கும் உரிய ஜூலை 31, செப்டம்பர் 30, அக்டோபர் 31 என ஆண்டின் பெரிய கெடுக்கள் வந்து அமர்கின்றன. 23-ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு மேசையைத் துடைத்துவிட்டுக் கிளம்பும் அதே ஊழியர், 19-ஆம் தேதி இரவு பத்து மணிக்கு, வாடிக்கையாளரின் கைபேசிக்குப் போன ஓடிபியை அவர் படித்துச் சொல்வதற்காகக் காத்திருப்பார்; கல்யாண மண்டபத்தில் இருக்கும் வாடிக்கையாளர் எடுத்துப் பார்ப்பதற்குள் அது காலாவதியாகிவிடும்; மறுபடியும் அனுப்பச் சொல்வார். ஊழியரின் வீட்டில் குழந்தை அப்போது தூங்கியிருக்கும்.

ஐந்து முதல் இருபது பேர் வரை வேலை செய்யும் இத்தகைய அலுவலகத்தை நடத்துபவருக்காகவும், அங்கே பொறுப்பில் இருக்கும் மூத்த ஊழியருக்காகவும் இதை எழுதுகிறேன். இங்கே சுமை எதிர்பாராமல் வந்து விழுவதில்லை. எந்த நாளில் எவ்வளவு வேலை குவியும் என்பது ஆண்டின் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் இருக்கிறது. ஆகவே ஊழியர் சோர்ந்து போனால் அதற்கு அவருடைய மனத்திடத்தைக் காரணம் காட்டுவது நியாயமாகாது. வேலையைப் பங்கிட்டவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைக் காட்டிலும், பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதமும் மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் கூடுதலாக இருக்கிறது. 55 மணி என்பது எங்கோ இருக்கும் எல்லை அன்று. காலை பத்து மணிக்கு வந்து, இரவு எட்டரைக்குக் கிளம்பி, சனிக்கிழமையும் அப்படியே வேலை பார்த்தால், சாப்பாட்டு நேரம் ஒரு மணியைக் கழித்த பிறகும் வாரத்துக்கு 57 மணி ஆகிவிடுகிறது. நம் அலுவலகங்கள் பலவற்றில் செப்டம்பர் மாதம் முழுவதும் இப்படித்தான் கழிகிறது.

முதலில் வேலையைக் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள்

பெரும்பாலான அலுவலகங்களில் வாடிக்கையாளர் எண்ணிக்கையைக் கொண்டே வேலையைப் பிரிக்கிறார்கள். ஒருவருக்கு 25, இன்னொருவருக்கு 25 என்றால் சமமாகப் பிரித்தாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த இருவரின் மேசையையும் அருகில் போய்ப் பாருங்கள். ஒருவரிடம் உள்ள வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் தாங்களே டேலி கணக்கு மென்பொருளில் என்ட்ரி போட்டு, 3-ஆம் தேதியே கோப்பை அனுப்பிவிடுகிறார்கள். மற்றவரிடம் உள்ள ஹார்டுவேர் கடைக்காரர் 17-ஆம் தேதி மாலை ஒரு மஞ்சள் பையில் பில்களை அள்ளிப் போட்டுக் கடைப் பையனிடம் கொடுத்தனுப்புகிறார். அவற்றுள் பாதி, எழுத்து மங்கிப்போன வெப்ப அச்சுத் தாள்கள். சிலவற்றில் ஜிஎஸ்டி எண்ணின் கடைசி இரண்டு எழுத்துகள் மடிப்பில் அழிந்திருக்கின்றன. அந்த ஒரு பை, முதலாமவரின் ஆறு வாடிக்கையாளர்களுக்குச் சமம்.

எனவே முழுதாக ஒரு மாதத்துக்கு, ஒவ்வொருவரும் எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை மணி நேரம் செலவாகிறது என்று குறித்துவரச் செய்யுங்கள். அரைமணிக் கணக்கில் குறித்தாலே போதும். ஒரு நோட்டுப் புத்தகமோ எக்ஸெல் தாளோ இதற்குப் போதுமானது; மென்பொருள் தேவையில்லை. பில் கேட்டுத் தொலைபேசியில் அலைந்த நேரம், ஓடிபிக்காகக் காத்திருந்த நேரம், துறையிலிருந்து வந்த நோட்டீசுக்குப் பதில் தயாரித்த நேரம், புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக்கொடுத்த நேரம் ஆகியவற்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். இந்த நான்கும் எவருடைய பணிப் பட்டியலிலும் இருப்பதில்லை. ஆனால் அலுவலகத்தில் நல்ல பெயர் எடுத்த ஊழியரின் நாளில் மூன்றில் ஒரு பங்கை இவையே தின்றுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கணக்கைத் தொடங்கும் முன்பே, இது சம்பள உயர்வுக்கோ தரம் பிரிப்பதற்கோ பயன்படாது என்று எல்லாரையும் அமரவைத்துச் சொல்லுங்கள், சொன்னதைக் காப்பாற்றுங்கள். தம்மை அளக்கிறார்கள் என்று ஊழியர்கள் நினைத்துவிட்டால், எழுதப்படும் எண்கள் அலுவலகத்துக்குப் பிடித்த எண்களாக இருக்குமே தவிர, உண்மையான எண்களாக இரா.

ஒருவர் எவ்வளவு சுமக்கலாம்

மாதக் கணக்கு கையில் வந்ததும், ஒவ்வொருவரின் கொள்ளளவை மதிப்பிட வேண்டும். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுக்கிறது. மிகைநேர வேலையைச் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணியையும் வாரத்துக்கு 54 மணியையும் தாண்டக்கூடாது என்கிறது. இதையே உங்கள் அலுவலகத்தின் மேல் எல்லையாக எழுதி ஒட்டிவிடுங்கள். ஆடிட்டராவதற்கான ஆர்டிகிள் பயிற்சியில் இருக்கும் மாணவர்களுக்கு இந்தியப் பட்டயக் கணக்கர் கழகம் வகுத்திருக்கும் நேரம் வாரத்துக்கு 35 மணி என்பதையும், அவர்களுக்குத் தேர்வு இருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.

எட்டு மணி நேரம் இருக்கிறது என்பதற்காக எட்டு மணி நேரத்துக்கும் கோப்புகளை ஒதுக்கிவிடக்கூடாது. வரிசைகளை ஆராயும் கணிதம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. வேலை முன்னறிவிப்பின்றி வந்து சேரும் இடத்தில், தம் நேரத்தில் பாதிக்கு மட்டும் வேலை உள்ளவரிடம் வரும் கோப்பு, ஒரு கோப்பை முடிக்க ஆகும் நேரத்தின் அளவுக்குக் காத்திருக்கிறது. 80 சதவீத நேரம் நிரம்பியவரிடம் அதைப்போல் நான்கு மடங்கு காத்திருக்கிறது. 90 சதவீதம் நிரம்பியவரிடம் ஒன்பது மடங்கு. கூடுதலாக ஏற்றியது பத்து சதவீதம்தான். காத்திருப்போ இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. ஆகவே கெடு நெருங்காத நாள்களில் ஒருவருக்கு ஆறு, ஆறரை மணி நேர வேலைக்கு மேல் முன்கூட்டியே ஒதுக்காதீர்கள். மிச்சம் இருக்கும் நேரம் வீணாகாது. நோட்டீஸ் வரும், ஒரு வாடிக்கையாளர் வங்கிக் கடனுக்காக அவசரமாக இருப்புநிலைக் குறிப்பு கேட்பார், ஒருவருக்குக் காய்ச்சல் வரும். அந்த இடைவெளி அவற்றுக்காக வைத்தது.

14 முதல் 20 வரை

மாதத்தின் மிகக் கடுமையான வாரம் ஏன் அப்படி இருக்கிறது என்பதை ஆராய்ந்தால்தான் அதைத் தளர்த்த முடியும். கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிக் கழிவைச் சரிபார்க்க உதவும் ஜிஎஸ்டிஆர் 2பி அறிக்கை 14-ஆம் தேதிதான் ஜிஎஸ்டி தளத்தில் வருகிறது. 3பி தாக்கல் செய்யக் கெடு 20-ஆம் தேதி. இடையில் இருப்பது ஆறு நாள்கள். அதில் பெரும்பாலும் ஒரு ஞாயிறு விழும். 15-ஆம் தேதி பிஎஃப், ஈஎஸ்ஐ வேறு குறுக்கே வருகிறது. கடைசி இரண்டு நாள்களில் தளமும் மெதுவாகிவிடும். நம் ஊழியர் 20-ஆம் தேதி இரவு வரை உட்கார்ந்திருப்பதன் காரணம் இதுதான். அவரை இன்னும் வேகமாக வேலை செய்யச் சொல்வதால் இது மாறாது. 14-ஆம் தேதிக்கு முன் முடிக்கக்கூடியவை எவை என்று பிரித்தெடுத்து, அவற்றை மட்டும் முன்னே தள்ள வேண்டும்.

கொள்முதல் பில்களை என்ட்ரி போடுவதற்கு 2பி தேவையில்லை; வங்கி அறிக்கையைச் சரிபார்ப்பதற்கும் தேவையில்லை. இவ்விரண்டையும் 12-ஆம் தேதிக்குள் முடித்துவிட்டால், 14-க்குப் பிறகு எஞ்சுவது ஒப்பிட்டுப் பார்ப்பதும் வரி கட்டச் செய்வதும் மட்டுமே. வரவு செலவு எதுவும் இல்லாத வாடிக்கையாளர்களுக்கான நில் ரிட்டனை மாதத்தின் முதல் சில நாள்களிலேயே போட்டுவிடலாம். 14409 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே நில் 3பியைத் தாக்கல் செய்யும் வசதி 2020 முதல் இருக்கிறது. இவ்வளவு எளிய வேலையை 20-ஆம் தேதி வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவதற்கு ஒரு காரணமும் இல்லை.

அடுத்து, ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ள வாடிக்கையாளர்கள் காலாண்டுக்கு ஒரு முறை ரிட்டன் போடும் திட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம். காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு வரியை மட்டும் அடுத்த மாதம் 25-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். காலாண்டு 3பிக்குத் தமிழ்நாட்டில் கெடு 22-ஆம் தேதி. உங்கள் வாடிக்கையாளர்களில் இதற்குத் தகுதியுள்ளவர்கள் எத்தனை பேர் இன்னும் மாதந்தோறும் தாக்கல் செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பழக்கத்தின் காரணமாகவே பலர் அப்படி இருப்பார்கள். ஆனால் எல்லாரையும் கண்மூடித்தனமாக மாற்றிவிடவும் கூடாது. பெரிய நிறுவனங்களுக்குச் சரக்கு விற்பவர்களிடம், அந்த நிறுவனங்கள் மாதாமாதம் வரிக் கழிவை எதிர்பார்க்கும்; அப்போது 13-ஆம் தேதிக்குள் பில் விவரங்களைத் தனியே ஏற்ற வேண்டியிருக்கும், வேலையும் பெரிதாகக் குறையாது. சில்லறை விற்பனைக் கடைகள், நேரடியாகப் பொதுமக்களுக்குச் சேவை செய்பவர்கள் ஆகியோரிடமிருந்து தொடங்குவது நல்லது.

இனி மஞ்சள் பை. 17-ஆம் தேதி பில் கொண்டுவருபவரை 5-ஆம் தேதி கொண்டுவரச் செய்வது இளைய ஊழியரால் ஆகாத காரியம். அவர் பத்து முறை தொலைபேசியில் கேட்டாலும் கடைக்காரர், “நாளைக்கு அனுப்புறேம்மா” என்பார். இந்த ஓர் உரையாடலை அலுவலகத்தின் தலைவரே நடத்த வேண்டும். பில் 7-ஆம் தேதிக்குள் வராவிட்டால் ரிட்டன் தாமதமாகலாம் என்றும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணமும் வரித் தொகைக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் அவர்தான் கட்ட வேண்டியிருக்கும் என்றும், அவசர வேலைக்கு அலுவலகம் கூடுதல் கட்டணம் வாங்கும் என்றும் கடிதமாகவே கொடுத்துவிடுங்கள். கோபித்துக்கொள்வார்கள், சிலர் வேறு ஆடிட்டரிடம் போகவும் கூடும். அதைத் தாங்கிக்கொள்ள உங்களுக்கு மனம் இல்லையென்றால், அந்த வாடிக்கையாளரின் தாமதத்துக்கான விலையை உங்கள் ஊழியர் தம் இரவுத் தூக்கத்தால் கொடுக்கிறார் என்பதை நீங்கள் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

திறமைசாலியின் மேசை

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த ஓர் அலுவலகத்தில் ஒரு அக்கா இருந்தார். எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் பிழையில்லாமல் முடிப்பார். “முடியாது” என்ற சொல் அவர் வாயில் வந்து நாங்கள் கேட்டதில்லை. அதனாலேயே சிக்கலான கோப்புகள் எல்லாம் அவரிடமே போயின. மற்றவர்கள் பாதியில் விட்டவையும் அவரிடமே போயின. ஒரு செப்டம்பர் மாதம், ரத்த அழுத்தம் ஏறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருடைய வேலையைப் பிரித்துக்கொள்வதற்காக மேசை இழுப்பறையைத் திறந்தபோது, பாதி முடிந்த பதினொரு தணிக்கைக் கோப்புகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் அடுத்துச் செய்ய வேண்டியவை சிறு எழுத்தில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அலுவலகத்தில் ஒருவருக்கும், என்னையும் சேர்த்து, அவரிடம் அத்தனை கோப்புகள் இருப்பது தெரியாது. அவர் திரும்பி வந்து சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டார்.

இப்படி நேராமல் இருக்க இரண்டு ஏற்பாடுகளைக் கட்டாயமாகச் செய்யுங்கள். ஒருவர் கையில் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் தணிக்கைக் கோப்புகள் மூன்றுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு வையுங்கள். நான்காவது வந்தால் அது பொது அலமாரியில், அனைவர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். வரிசைகளை ஆராய்ந்த ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய எளிய விதி ஒன்று உண்டு: கையில் 12 கோப்புகள் இருந்து, நாளொன்றுக்கு 2 முடிகின்றன என்றால், சராசரியாக ஒரு கோப்பு முடிய 6 நாள்கள் ஆகும். திறந்து வைத்திருக்கும் கோப்புகளைப் பெருக்குவதால் முடியும் வேகம் கூடுவதில்லை. ஒவ்வொன்றும் முடியும் நாள்தான் தள்ளிப்போகிறது. மேலும், ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவும்போது, கவனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று மேலாண்மை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் ஆய்ந்து எழுதினார். ஒரு இருப்புநிலைக் குறிப்பில் வித்தியாசம் தேடிக்கொண்டிருக்கும்போது மூன்று தொலைபேசி அழைப்புகளை எடுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது ஏற்பாடு, ஒவ்வொரு வாடிக்கையாளரின் விவரமும் இரண்டு பேருக்குத் தெரிந்திருப்பது. ஒருவர் முதன்மைப் பொறுப்பு. மற்றவர் மாதம் ஒரு முறை அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தவராக இருந்தால் போதும். இது இல்லாத இடத்தில் விடுப்பு என்பது பெயரளவில்தான் இருக்கும்: ஊருக்குக் கோயில் கொடைக்குப் போனவர், அங்கிருந்தே கடவுச்சொல்லைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

கேட்கும் விதம்

“இதை இன்றைக்கு முடித்துவிட முடியுமா?” என்று முதலாளி கேட்டால், இருபத்து மூன்று வயதுப் பெண் “முடியும் சார்” என்றுதான் சொல்வார். வேறு பதிலுக்கு அந்தக் கேள்வியில் இடமில்லை. “இப்போது கையில் என்னென்ன இருக்கின்றன அம்மா? இதை எடுத்துக்கொண்டால் அவற்றில் எதை நாளைக்குத் தள்ளலாம்?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் தயங்கினால், நீங்களே பட்டியலைப் பார்த்து ஒன்றை எடுத்துத் தள்ளிவைத்துக் காட்டுங்கள். இரண்டு மூன்று முறை அப்படிச் செய்த பிறகுதான் நீங்கள் மெய்யாகவே கேட்கிறீர்கள் என்று நம்புவார்.

சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் 1979-இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, வேலை அதிகமாக இருப்பது மட்டுமே மனிதரை நோகச் செய்வதில்லை. அதிக வேலையும், அதை எப்படிச் செய்வது என்பதில் எந்த அதிகாரமும் இல்லாத நிலையும் சேரும்போதுதான் பாதிப்பு மிகுதியாகிறது. எந்த வாடிக்கையாளரை முதலில் எடுப்பது, காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஐந்து மணிக்குக் கிளம்புவதா, இரண்டு மணி நேரம் தொலைபேசியை எடுக்காமல் இருப்பதா என்பன போன்றவற்றை ஊழியரே முடிவு செய்யட்டும். அலுவலகத்துக்கு இதனால் செலவு எதுவும் இல்லை. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பது யார் யாருக்கு முக்கியம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேருந்துக்காகக் கிளம்ப அனுமதி கேட்க நேரும் நிலையை அவர்களுக்கு ஏற்படுத்தாதீர்கள்.

சீசன் நாள்கள்

இத்தனை செய்தாலும் ஜூலையின் கடைசி வாரமும் செப்டம்பரின் கடைசி இரண்டு வாரங்களும் நீளத்தான் செய்யும். அதை மறைக்காமல், எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடியும் என்று முன்பே அறிவித்துவிடுங்கள். முடிவு தெரிந்த நெருக்கடியைத் தாங்க முடியும். மிகைநேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் கொடுங்கள். ஈடு விடுப்பு நாள்களைச் சீசன் தொடங்கும் முன்பே பெயர் போட்டு நாட்காட்டியில் எழுதிவிடுங்கள். “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்ட விடுப்பை எவரும் எடுத்ததில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் எதையும் இடாதீர்கள். நீங்கள் இட்டுவிட்டு “அவசரம் இல்லை” என்று சேர்த்தாலும் படிப்பவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

அரசு கெடுவை நீட்டிக்கும்போது கவனமாக இருங்கள். 2025-இல் வருமான வரி ரிட்டனுக்கான கெடு ஜூலை 31-இலிருந்து செப்டம்பர் 15-க்கும், பிறகு இன்னும் ஒரு நாளும் நீட்டிக்கப்பட்டது. பல அலுவலகங்கள் ஜூலையில் தளர்ந்து, கடைசியில் தனிநபர் ரிட்டன்களும் தணிக்கை வேலையும் ஒரே மாதத்தில் மோதிக்கொள்ளும்படி விட்டுவிட்டன. நீட்டிப்பு அறிவிப்பு வந்தாலும் உங்கள் உள் கெடுவைப் பழைய தேதியிலேயே வைத்திருங்கள். கிடைத்த கூடுதல் நாள்களை விவரம் தராத வாடிக்கையாளர்களுக்கும் ஊழியர்களின் ஓய்வுக்கும் ஒதுக்குங்கள்.

கவனிக்க வேண்டியவை

வேலையால் வரும் மிகுசோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் மூன்று அடையாளங்களோடு விவரித்தது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி எரிச்சல் கொள்வது, செய்யும் வேலையின் திறன் குறைவது. நம் அலுவலகத்தில் இவை வேறு உருவத்தில் தெரியும். எப்போதும் சரியாக இருப்பவர், மாநிலத்துக்குள் விற்றதற்கான சிஜிஎஸ்டி தொகையை வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி கட்டத்தில் போட்டுவிடுவார்; மதியச் சாப்பாட்டுக்கு மற்றவர்களோடு சேராமல் மேசையிலேயே சாப்பிடத் தொடங்குவார்; வாடிக்கையாளர் பெயரைக் கேட்டாலே முகம் மாறும். இவற்றைக் கண்டால் தனியே அழைத்து, பிழையைப் பற்றிப் பேசாமல், கையில் உள்ள வேலையைப் பற்றிக் கேளுங்கள். அன்றே இரண்டு கோப்புகளை அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள். தூக்கமின்மை, அழுகை, நம்பிக்கையிழப்பு என்று பேச்சு போனால், அது உங்கள் கையில் தீரும் விஷயம் இல்லை. டெலி மானஸ் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் நாள் முழுவதும் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம் என்று சொல்லுங்கள். மருத்துவரைப் பார்க்க விடுப்புக் கொடுங்கள். அந்த உரையாடலை வேறு எவரிடமும் சொல்லாதீர்கள்.

ஒவ்வொரு மாதமும் 23-ஆம் தேதியில், அது விடுமுறையானால் அடுத்த நாளில், அரைமணி நேரம் எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். யார் எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், எந்த வாடிக்கையாளரின் விவரம் தாமதமாக வந்தது, எந்த வேலை 14-க்கு முன் முடிந்திருக்கலாம் என்ற மூன்று கேள்விகள் மட்டும் போதும். சொல்லப்பட்டவற்றுள் ஒன்றையாவது அடுத்த மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள். புதிய வாடிக்கையாளர் வரும்போது, ஏப்ரலில் நிறையப் பேர் வருவார்கள், அவருக்கு மாதம் எத்தனை மணி நேரம் தேவைப்படும் என்பதை முதலில் எழுதி, அந்த மணிகள் யாருடைய பெயருக்கு எதிரே காலியாக இருக்கின்றன என்று தாளில் பாருங்கள். ஒருவர் பெயருக்கு எதிரேயும் இல்லையென்றால், ஆள் சேர்த்த பிறகு வரச்சொல்லி அவரிடம் அன்றே தெரிவித்துவிடுங்கள்.